ஆஸ்திரேலியா கேட்கும் அத்தாட்சி

1901ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் காமன்வெல்த் உதயமானதும், அதன் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஆரம்பச் சட்டங்களுள் ஒன்று, அந்தத் தேசத்திற்குள் யாரைப் பிரவேசிக்க விடலாம், யாரை விடலாகாது என்பதைப் பற்றியதாக இருந்தது. குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற பெயர் கொண்ட அது, ஆசியாக்காரரையோ ஆப்பிரிக்கரையோ பெயர் சொல்லி விலக்கவில்லை. துறைமுகத்தில் வந்திறங்குபவரிடம் அதிகாரி ஒருவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய பாஷையில் ஐம்பது சொற்கள் கொண்ட பகுதியைப் படிக்க, வந்தவர் அதைக் கேட்டு எழுதிக் காட்ட வேண்டும் என்று மாத்திரமே விதித்தது. எந்தப் பாஷை என்பதை அதிகாரியே நிர்ணயிக்கலாம் என்றிருந்தபடியால், வேண்டாதவர் என்று கருதப்பட்டவருக்கு அவர் அறியாத பாஷையைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது சாத்தியமாயிற்று. 1909ஆம் வருஷத்திற்குப் பிறகு அந்தப் பரீட்சையில் ஒருவரும் தேறவில்லை. 1934இல், பாஸிஸத்தின் அபாயத்தைப் பற்றிப் பேசுவதற்காக வந்த எகான் கிஷ் என்ற செக்கோஸ்லோவாகிய எழுத்தாளர், ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றவராக இருந்ததனால், அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். அவர் வழக்காட, சட்டம் கருதும் ஐரோப்பிய மொழியாக அதைக் கொள்ளலாகாது என்று ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பரீட்சைக்கு முடிவு கட்டிற்று. 1973இல் விட்லம் அரசாங்கம், நிறத்தையும் இனத்தையும் பார்த்து ஆள் தெரிந்தெடுக்கும் கொள்கையின் எஞ்சிய வேர்களையும் களைந்தது. 1979இல் புள்ளிகள் இட்டு விண்ணப்பதாரரை மதிப்பிடும் முறை நடைமுறைக்கு வந்தது.

இன்று தொழில்திறன் மதிப்பீடு என்று வழங்கும் ஏற்பாட்டைக் கண்டு மலைப்பவர்களுக்கு இந்தப் பழைய சரித்திரத்தை நினைவூட்டுவது நல்லது என்று நான் கருதுகிறேன். அன்றைய பரீட்சை, வந்தவரைத் தோற்கடிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அதற்கு ஆயத்தம் செய்துகொள்ள வழியே இல்லை. இன்றைய பரிசீலனையோ எத்தனை நீளமானதாயினும், எத்தனை பத்திரங்களைக் கேட்பதாயினும், தன் விதிகளை முன்கூட்டியே அச்சிட்டு எல்லோருக்கும் வழங்கிவிடுகிறது. எதைக் காட்ட வேண்டும், எப்படி எழுத வேண்டும், எத்தனை சொற்களுக்குள் அடக்க வேண்டும் என்பதெல்லாம் வெளிப்படை. ஆகவே, தகுதி உள்ள ஒருவர் இதில் தவறிப்போவாரானால், அவர் தம் தொழிலில் குறைந்தவர் என்பதைவிட, தாம் செய்த தொழிலை எடுத்துச் சொல்லத் தெரியாதவர் என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். நம்மவருள் இந்தக் குறை பரவலாக உண்டு. அது நீங்கக்கூடிய குறை என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஏற்பாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திறன் அடிப்படையில் நிரந்தரமாகக் குடியேற விரும்புபவருக்கு 189, 190 என்ற எண்களை உடைய விசாக்களும், பெருநகரங்களுக்கு அப்பாற்பட்ட பிரதேசங்களில் சில வருஷம் வசிக்கும் நிபந்தனையோடு கூடிய 491 என்ற தற்காலிக விசாவும் இருக்கின்றன. இவற்றை நாடுபவர் 45 வயது நிரம்பாதவராகவும், குறைந்தபட்சம் 65 புள்ளிகள் பெறுபவராகவும் இருக்க வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அழைப்புக் கிடைக்கும் நாளில் அவர் கையில் தொழில்திறன் மதிப்பீட்டின் சாதகமான முடிவு இருந்தாக வேண்டும். அந்த மதிப்பீட்டைக் குடியேற்ற இலாகா தானே செய்வதில்லை. பொறியாளருக்கு என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, கணினித் துறையினருக்கு ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொஸைட்டி, செவிலியருக்கு அன்மாக், பள்ளி ஆசிரியருக்கு ஏ.ஐ.டி.எஸ்.எல்., எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற கைத்தொழிலாளருக்கு டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்றிவ்வாறு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு ஸ்தாபனம் நியமிக்கப்பட்டிருக்கிறது. தனி ஸ்தாபனம் இல்லாத எத்தனையோ தொழில்களை வெட்டஸஸ் என்னும் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. தொழில்கள் ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கம் கொண்ட எண் ஒன்று உண்டு. ஸிவில் என்ஜினியருக்கு 233211. மெக்கானிக்கல் என்ஜினியருக்கு 233512. ஸாஃப்ட்வேர் என்ஜினியருக்கு 261313.

இந்த எண்ணைத் தெரிந்தெடுப்பதில்தான் அநேகருடைய முதல் இடறல் நேர்கிறது. நம் அலுவலகங்களில் பதவிப் பெயர் ஒன்றாகவும் செய்கிற வேலை மற்றொன்றாகவும் இருப்பது சகஜம். ‘மேனேஜர்’ என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர் நாள் முழுவதும் கட்டடத்தின் கம்பிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘என்ஜினியர்’ என்று நியமன உத்தரவு பெற்றவர் பொருள் கொள்முதலை மட்டுமே கவனித்துக்கொண்டிருப்பார். மதிப்பிடும் ஸ்தாபனம் பதவிப் பெயரைப் பார்ப்பதைவிடச் செய்த காரியத்தைத்தான் பார்க்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே அந்தத் தொழிலின் கடமைகள் இன்னவை என்று வரையறுத்திருக்கிறார்கள். அவற்றை நிதானமாக வாசித்து, தம்முடைய ஒரு வாரத்து வேலையின் பெரும்பகுதி எதில் அடங்குகிறது என்று பார்த்துத் தெரிந்தெடுப்பதே முறை. எந்தத் தொழிலுக்கு அழைப்பு அதிகம் வருகிறது என்று விசாரித்து, அதற்கேற்பத் தம் அனுபவத்தை வளைத்துக்கொள்ள முயல்பவர், பின்னால் தம் வாயாலேயே தம்மை மறுத்துக்கொள்ள நேரிடும்.

இனி, பொறியாளரின் விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிப்பவர்களுள் அவர்கள் தொகை பெரிது. அவர்களுக்கு விதிக்கப்பட்ட வழியும் மற்றவற்றைவிட நுட்பமானது. 1989இல் வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையொப்பமிட்ட நாடுகள், பொறியியல் கல்வித் திட்டங்களுக்கு ஒன்றின் அங்கீகாரத்தை மற்றொன்று ஒப்புக்கொள்கின்றன. இந்தியாவும் இலங்கையும் 2014இல் அதன் முழு அங்கத்தினர்களாயின. இதைக் கேள்விப்பட்டு, நான்கு வருஷப் பொறியியல் பட்டம் பெற்ற எல்லோருக்கும் கதவு தானாகத் திறந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. படித்த கல்லூரி பெயர் பெற்றதாக இருந்தால் மட்டும் போதாது; படித்த அந்தக் குறிப்பிட்ட பாடத்திட்டம், பட்டம் பெற்ற அந்தக் காலத்தில், உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இந்தியாவில் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரிய முதல் வகை அங்கீகாரத்திற்கே அந்தச் செல்வாக்கு உண்டு. பல்கலைக்கழகத்தோடு இணைவு மாத்திரம் பெற்ற கல்லூரிகளுக்குத் தரப்படும் இரண்டாம் வகைக்கு அது கிடையாது. ஆகையால் தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகளுள் மிகப் பலர், திறமை விளக்க அறிக்கை ஒன்றை எழுதி அளிக்கும் மற்றொரு வழியில்தான் செல்ல வேண்டியிருக்கிறது. சி.டி.ஆர். என்ற மூன்றெழுத்தால் எல்லோரும் குறிப்பிடுவது இதைத்தான்.

அந்த அறிக்கையின் உயிர்நிலை, ‘கரியர் எபிஸோட்’ எனப்படும் மூன்று கட்டுரைகள். விண்ணப்பதாரர் தம் படிப்பிலிருந்தோ உத்தியோகத்திலிருந்தோ மூன்று காரியங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் 1000 சொற்களுக்குக் குறையாமலும் 2500 சொற்களுக்கு மேற்படாமலும் ஆங்கிலத்தில், தம் சொந்த வாசகத்தில் எழுத வேண்டும். பத்திகளுக்கு எண் இட வேண்டும். தொழிலில் தொடர்ந்து கற்றுக்கொண்டு வந்ததைக் காட்டும் ஒரு பக்கப் பட்டியலும் உடன் செல்ல வேண்டும். பிறகு, ஒரு பொறியாளரிடம் எதிர்பார்க்கப்படும் 16 திறமைக் கூறுகளுள் ஒவ்வொன்றும் எந்தக் கட்டுரையின் எந்தப் பத்தியில் வெளிப்படுகிறது என்பதை ஒரு சுருக்க அட்டவணையில் காட்ட வேண்டும். மதிப்பிடுபவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பத்திக்குச் செல்வார். அங்கே சொன்னது இல்லையென்றால், அந்தக் கூறு நிரூபிக்கப்படாமலே நிற்கும்.

இதில் நம்மவர் தடுமாறும் இடம் எது? நாம் வளர்ந்த வளர்ப்பில், ஒரு காரியத்தை நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்வது அடக்கமின்மை. மேலதிகாரியின் முன்னிலையில், ‘எங்கள் டீம் முடித்தது, ஸார்’ என்று சொல்வதையே மரியாதையாகப் பழகியிருக்கிறோம். அந்த மரியாதை இந்தக் கட்டுரையில் உதவாது. பாலம் எத்தனை மீட்டர் நீளம், திட்டத்தின் மதிப்பு எத்தனை கோடி, கம்பெனி எத்தனை பெரியது என்பவை எல்லாம் பின்னணிக்கு இரண்டு பத்தி போதும். அந்தப் பெரிய காரியத்துக்குள்ளே இந்த ஒருவருடைய புத்தி எங்கே வேலை செய்தது என்பதை அறியவே மதிப்பிடுபவர் காத்திருக்கிறார். நான் கணக்கிட்டேன், நான் சோதித்தேன், நான் மாற்றச் சொன்னேன் என்று தன்மை ஒருமையில் எழுத வேண்டும் என விதியே இருக்கிறது.

உதாரணத்துக்கு, விருதுநகர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டிய இளம் பொறியாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ‘குடிநீர்த் திட்டத்தின் கீழ் தொட்டி கட்டப்பட்டது, நான் மேற்பார்வை செய்தேன், வேலை உரிய காலத்தில் முடிந்தது’ என்று அவர் எழுதினால், அது உண்மையாக இருந்தபோதிலும் அதிலிருந்து அவருடைய திறமையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அதே மனிதர் இப்படி ஆரம்பிக்கலாம்: தொட்டிக்குக் குறித்த இடம் கரிசல் பூமி, மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் வெடித்துப் பிளக்கும் அந்த மண்ணில், வழக்கமான ஆழமற்ற அஸ்திவாரம் போட்டால் தொட்டி ஒரு பக்கம் இறங்கி விரிசல் காண இடமுண்டு என்பதை அவர் மண் பரிசோதனை அறிக்கையிலிருந்து கண்டுகொண்டார். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே உருவாக்கிய, அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற பைல்களை அவர் பரிசீலித்தார். ஒவ்வொரு பைலும் தாங்கும் பாரத்தைக் கணக்கிட்டார். நீர் நிரம்பியபோதும் தொட்டி வெறுமையாக இருந்தபோதும், காற்றும் பூகம்பமும் தாக்கும்போதும் ஏற்படும் விசைகளைத் தனித்தனியே பார்த்தார். நீர் தேக்கும் கான்கிரீட் அமைப்புகளுக்கான ஐ.எஸ். 3370 என்ற இந்தியத் தரவிதியின்படி வெடிப்பின் அகலத்தைச் சரிபார்த்தார். ஒப்பந்தக்காரர் செலவு கூடும் என்று மறுத்தபோது, இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் காட்டி ஒப்புக்கொள்ளச் செய்தார். இவ்வளவையும் அவர் உண்மையிலேயே செய்திருப்பாராயின், அறிவு, பிரயோகம், தர்க்கம், பிறரோடு கலந்து வேலை செய்தல், பாதுகாப்பில் சிரத்தை ஆகிய அனைத்தும் ஒரே சம்பவத்தில் வெளிப்பட்டுவிடுகின்றன. காரியம் சிறியதாக இருப்பதில் ஒரு பாதகமும் இல்லை. கோடி ரூபாய்ப் பாலத்தில் கையொப்பமிடும் வேலை மட்டும் பார்த்ததைவிட, ஒரு தொட்டியின் அஸ்திவாரத்தில் தாமே சிந்தித்தது மேலானது.

இப்படி எழுதுவதற்குப் பழைய குறிப்புகள் வேண்டும். வரைபடத்தின் நகல், கணக்குத் தாள், தளத்தில் வைத்திருந்த நாட்குறிப்பு, கேள்வி எழுப்பி அனுப்பிய ஈமெயில் ஆகியவை கையில் இருந்தால், பத்து வருஷத்துக்கு முந்திய காரியம்கூடத் துலக்கமாக நினைவுக்கு வரும். கம்பெனியின் ரகசியத்தை மீறாமல் இவற்றைத் தம் நினைவுக்கு உதவியாக வைத்துக்கொள்வது விவேகம். கல்லூரியின் இறுதியாண்டு ப்ராஜெக்டையும் ஒரு கட்டுரைக்குப் பொருளாகக் கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆனால் அது தம் கையால் செய்த ப்ராஜெக்டாக இருந்தால்தான் எழுத முடியும். கடையில் விலைக்கு வாங்கிச் சமர்ப்பித்தவர் அதைப் பற்றி 1000 சொற்களுக்கு என்ன எழுதுவார்?

விலைக்கு வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. இதைத் தயக்கமின்றிச் சொல்லத்தான் வேண்டும். திறமை விளக்க அறிக்கையையே எழுதித் தருவதாக விளம்பரம் செய்து பணம் வாங்குபவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஒரே பாலத்தையும் ஒரே பம்ப் ஹவுஸையும் பெயர் மாற்றி ஊர் மாற்றிப் பலருக்கு விற்பது அவர்கள் வியாபாரம். என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம் சமர்ப்பிக்கப்படும் கட்டுரைகள் முன்பு வந்தவற்றோடு கணினியால் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. களவு கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு, குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் இயலாது. குடியேற்ற விதிகளில் 4020 என்ற எண்ணுள்ள நிபந்தனை இன்னும் கடுமையானது. விசா அதிகாரியிடம் கொடுத்த பொய்ப் பத்திரத்தை மட்டுமல்லாமல், மதிப்பிடும் ஸ்தாபனத்திடம் கொடுத்த பொய்ப் பத்திரத்தையும் அது தழுவும். மீறியவர் மூன்று வருஷ காலம் விசாவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். பணத்துக்கு எழுதியவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. தம் வாழ்க்கையின் நல்ல வருஷங்களில் மூன்றை இழப்பவர் அறிக்கையில் கையெழுத்திட்டவரே. நன்றாகத் தொழில் தெரிந்த ஒரு பொறியாளர், தம் ஆங்கிலம் போதாது என்ற கூச்சத்தால் இந்த வலையில் விழுவதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது. கட்டுரையில் அலங்கார ஆங்கிலம் யாருக்கும் தேவைப்படவில்லை. நான்கு பகுதிகளிலும் ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் 6 வாங்கத் தெரிந்தவருக்கு, தாம் செய்த வேலையைச் சிறு சிறு வாக்கியங்களில் சொல்லவும் தெரியும். நண்பர் ஒருவரிடம் கொடுத்து இலக்கணப் பிழை பார்க்கச் சொல்வதில் குற்றமில்லை. சிந்தனையும் சம்பவமும் தம்முடையவையாக இருக்க வேண்டும்.

அடுத்தபடியாக, பத்திரங்கள். இங்கே தமிழருக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்பது இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம். பள்ளிச் சான்றிதழில் அந்த எழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும்; பட்டத்தில் பின்னால் போயிருக்கும்; பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுவதும் விரிந்து குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்திருக்கும்; சம்பளச் சீட்டில் தலைப்பெழுத்தே இராது. கான்பராவில் இருந்துகொண்டு இவற்றைப் பார்க்கும் ஒருவருக்கு, இவை நால்வருடைய பத்திரங்களோ என்று ஐயம் எழுந்தால் அவரைக் குறை கூற இயலாது. எல்லாப் பெயர்களும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னிலையில் செய்த பிரமாணப் பத்திரம் ஒன்றை முதலிலேயே சேர்த்துவிடுவது, பின்னால் வரும் கடிதப் போக்குவரத்தைத் தவிர்க்கும்.

அனுபவச் சான்றிதழில் அதைவிடப் பெரிய சிக்கல். ‘இன்னார் எங்களிடம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், அவர் நடத்தை திருப்திகரமாக இருந்தது’ என்ற இரண்டு வரிகளோடு நம் கம்பெனிகள் சான்றிதழை முடித்துவிடுகின்றன. மதிப்பிடுபவருக்கு வேண்டியவையோ வேறு: வகித்த பதவி, தேதிகள், முழு நேரமா பகுதி நேரமா என்பது, செய்த கடமைகளின் விவரம், கையொப்பமிடுபவரின் பதவியும் முகவரியும். கடமைகளை எழுதித் தருவது எங்கள் வழக்கமில்லை என்று பெரிய கம்பெனிகளின் மனிதவளப் பிரிவு மறுப்பதும் உண்டு. அந்த நிலைமையில், கணினித் துறையினரை மதிப்பிடும் சொஸைட்டி, உடன் வேலை பார்த்தவர் பிரமாணம் செய்து தரும் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்கிறது. மற்ற ஸ்தாபனங்கள் என்ன ஏற்கும் என்பதை அவரவர் கையேட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கடிதம் மட்டும் போதாமல், சம்பளம் உண்மையில் வந்தது என்பதற்கு மூன்றாமவரின் அத்தாட்சியும் கேட்கப்படலாம். வருமானவரிக் கணக்கு, சேமநல நிதிப் பதிவு, வங்கிக் கணக்கின் பிரதி ஆகியவை அதற்கு உதவும். ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய வருஷங்களை நிரூபிப்பது மிகக் கடினம்.

அனுபவத்தை மதிப்பிட்டுக்கொள்வது எதற்கென்று சிலர் கேட்பார்கள். புள்ளிக் கணக்கு அதற்குப் பதில் சொல்லும். 35 வயதான ஒருவருக்கு வயதுக்கு 25, இளங்கலைப் பட்டத்துக்கு 15, தேர்ச்சி மிக்க ஆங்கிலத்துக்கு 10, சொந்த நாட்டில் ஆறு வருஷ அனுபவத்துக்கு 10, ஆக 60. மாநிலம் ஒன்று விசாவுக்குப் பரிந்துரைத்தால் ஐந்து சேர்ந்து 65. பிரதேசப் பரிந்துரையானால் 15 சேர்ந்து 75. அவருடைய ஆறு வருஷத்தில் இரண்டு வருஷம் ஒப்புக்கொள்ளப்படவில்லையென்றால் அனுபவப் புள்ளி பாதியாகிவிடும். கணினித் துறையில், பட்டத்தின் தன்மையைப் பொறுத்து ஆரம்ப வருஷங்கள் சிலவற்றைத் தகுதி அடைவதற்கான காலம் என்று கழித்துவிடுகிறார்கள்; எட்டு வருஷம் என்று எண்ணியிருந்தவர் ஆறே உண்டு என்று அறிவது வழக்கமான அதிர்ச்சி. 65 என்பது குறைந்தபட்சமே. உண்மையில் அழைப்புப் பெறுபவரின் புள்ளிகள் பெரும்பாலும் அதனினும் மேலே நிற்கின்றன. மதிப்பீடு பொதுவாக மூன்று வருஷத்துக்கே செல்லும் என்பதையும், அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாளே அவகாசம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உதவி தேவைப்படுபவர், ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் பதிவேட்டில் பெயர் உள்ள குடியேற்ற முகவரையோ அந்நாட்டு வழக்கறிஞரையோ அணுகலாம். முகவருக்குப் பதிவு எண் உண்டு, அதை எவரும் சரிபார்க்கலாம். சாதகமான முடிவு வந்துவிட்டதாலேயே தொழில் நடத்தும் உரிமை கிடைத்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனுக்கு மாநில லைஸன்ஸ் தனி. செவிலியருக்குப் பதிவு தனி. குவீன்ஸ்லாந்தில் பொறியாளருக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு தனி.

கடைசியாக, இன்னும் வெளிநாட்டுப் பிரயாணத்தைப் பற்றி எண்ணாமலே ஏதோ ஒரு கம்பெனியில் உழைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலையை விட்டு விலகும் ஒவ்வொரு முறையும், கடமைகளை விவரிக்கும் கடிதத்தை அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கடையை மூடிவிட்ட கம்பெனியிடமிருந்தும் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்ட மேலாளரிடமிருந்தும் அதைப் பிறகு பெறுவது மிகவும் சிரமம்.